ஒரே நாளில் இரண்டு ஒப்பந்தங்கள்

(ஒட்டன்சத்திரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அண்டை நாடுகள் பொருளாதாரத்திலும் அரசியலிலும் ஒத்துழைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவின் அனுபவத்தைச் சொல்லவேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலில் இந்த ஊரின் காந்தி காய்கறி மார்க்கெட்டைப் பார்ப்போம். இங்கே ஏலம் போகும் முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் ஆகியவற்றில் பெரும்பங்கு லாரி ஏறிக் கேரளாவுக்குப் போகிறது. ஓணம் வந்தால் இங்கே விலை ஏறுகிறது. கேரளாவில் வெள்ளம் வந்தால் இங்கே சரக்கு தேங்குகிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும் ரயில் பாதையும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. பரப்பலாறு அணையின் நீரைச் சுமக்கும் நங்காஞ்சி போய்ச் சேரும் அமராவதிக்குக் கேரள மலையில் பிறக்கும் பாம்பாறும் நீர் தருகிறது. எல்லைக்கு அப்பால் உள்ளவர்களோடு இவ்வளவு பின்னிப் பிணைந்த ஊர் தமிழகத்தில் அதிகம் இல்லை. ஆனாலும் அந்தப் பிணைப்பைக் காக்க இரண்டு அரசுகளிடமும் நிலையான ஏற்பாடு எதுவும் இல்லை. நாள்தோறும் நடக்கும் வியாபாரம் அண்டையாரைத் தானாக நண்பர்களாக்கிவிடாது. தலைவர்களின் நட்பும் போதாது. இரு தரப்புக்கும் ஆதாயமும் பொறுப்பும் தரும் ஒரு பொதுவான அமைப்பு இருந்தால்தான் சண்டை வரும் காலத்திலும் உறவு நிற்கும் என்பது என் வாதம்.

இதற்குச் சான்றாக ஒரு தேதியைச் சொல்கிறேன்: 1970 மே 29. அன்று தமிழ்நாடும் கேரளமும் இரண்டு நீர் உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டன. ஒன்று பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட ஒப்பந்தம். மற்றொன்று, 1886இல் திருவிதாங்கூர் மகாராஜாவும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட முல்லைப் பெரியாறு அணைக் குத்தகையைத் திருத்திய துணை ஒப்பந்தம். இங்கே கலைஞர் முதலமைச்சர், அங்கே அச்சுத மேனன். இரண்டிலும் மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்புவதுதான் வேலை. இரண்டிலும் முக்கிய அணை கேரள மண்ணில், பாசனத்தின் பெரும்பகுதி தமிழக மண்ணில். இத்தனை ஒற்றுமை இருந்தும் ஐம்பது ஆண்டுகளில் ஒன்று முணுமுணுப்போடு ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று இரு மாநில மக்களையும் தெருவில் நிறுத்தியது. நீரின் அளவோ, மொழியோ, ஆண்ட கட்சியோ இந்த வேறுபாட்டை விளக்காது. ஒப்பந்தங்கள் கட்டப்பட்ட விதத்தைத்தான் பார்க்கவேண்டும்.

பரம்பிக்குளம் திட்டத்தில் சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி என்று அணைகள் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்த நீர் சர்க்கார்பதியில் மின்சாரமாகி, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் பக்கத்து நிலங்களுக்குப் போகிறது. பரம்பிக்குளம் அணை கேரளத்துக் காட்டில் இருக்கிறது. இயக்குவது நம் பொதுப்பணித் துறை வழிவந்த பொறியாளர்கள். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் கேரளம் வாடகை வாங்கும் வீட்டுக்காரர் அல்ல. ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு விடவேண்டும். அதை நம்பித்தான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்து நெல் வயல்கள் இருக்கின்றன. கேரள சோலையாற்றுக்கு 12.3 டி.எம்.சி. தரவேண்டும். இரு மாநிலப் பொறியாளர்களும் அமரும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் ஒன்று இருக்கிறது. எந்த மாதம் எவ்வளவு நீர் என்பது அங்கே கணக்காகிறது. குறைந்தால் அங்கேதான் சண்டை. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகுகளில் ஒன்று நள்ளிரவில் பெயர்ந்து விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் வெளியேறியது. கேரளத்தில் சாலக்குடி ஆற்றங்கரை மக்களை எச்சரித்தார்கள். நம் பொறியாளர்கள் மதகைச் சீரமைத்தார்கள். அணையே யாருடையது என்ற கூக்குரல் அப்போது பெரிதாக எழவில்லை. இதே விபத்து முல்லைப் பெரியாற்றில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முல்லைப் பெரியாற்றின் கட்டமைப்பு வேறு. அது 999 ஆண்டுக் குத்தகை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் என்று இருந்த வாடகை 1970இல் 30 ரூபாய் ஆனது. மீன்பிடி உரிமை கேரளத்துக்கு, மின் உற்பத்தி உரிமை ஒரு தொகைக்கு நமக்கு என்று வகுத்தார்கள். நீரில் கேரளத்துக்குப் பங்கு இல்லை, பாசனம் இல்லை, இயக்கத்தில் பேச்சும் இல்லை. அணைக்குக் கீழே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தறை மக்களுக்கு எஞ்சியது அச்சம் மட்டும். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையைப் பலப்படுத்தியிருக்கிறோம், நிபுணர் குழுக்கள் பாதுகாப்பானது என்று சொல்லியிருக்கின்றன. இவை உண்மை. தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், நம் மாவட்டத்து நிலக்கோட்டைப் பகுதி ஆகியவற்றின் வாழ்வு அந்த நீர்தான் என்பதும் உண்மை. ஆனால் ஒரு ஒப்பந்தம் ஒரு தரப்புக்கு ஆதாயத்தையும் மறுதரப்புக்கு அச்சத்தையும் மட்டுமே கொடுத்தால், அச்சப்படுகிறவர் என்றைக்காவது அதை உடைக்கத்தான் பார்ப்பார். 1979இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்தபோது கேரளத்தில் பரவிய பீதியால் பெரியாற்றின் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பைச் செயலற்றதாக்கியது. 2014 மே 7ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் வரை எட்டு ஆண்டுகள் ஓடின.

அந்த எட்டு ஆண்டுகளின் நடுவில்தான் 2011ஆம் ஆண்டின் டிசம்பர் வந்தது. இடுக்கியில் சிறு நிலநடுக்கங்கள், அதையொட்டிய பதற்றம், குமுளியில் மோதல், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எல்லை நோக்கிப் புறப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள், ஏலக்காய்த் தோட்டங்களை விட்டு ஓடிவந்த தமிழ்த் தொழிலாளர்கள், பாதி வழியில் மாட்டிக்கொண்ட ஐயப்ப பக்தர்கள். அந்த வாரங்களில் காய்கறி லாரிகளும் நின்றன. வியாபாரம் இருக்கும் இடத்தில் சண்டை வராது என்பது பொருளாதாரம் படித்தவர்கள் பலர் நம்பும் கருத்து. அதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். இரு பக்கமும் நிதானத்தைக் கோரியவர்களில் வியாபாரிகள் முன்னே நின்றார்கள். ஆனால் அவர்களுடைய குரல் போய்ச் சேர ஒரு மேசை இல்லை. தகராறு நீர்வளத் துறைகளிடமும் வழக்கறிஞர்களிடமும் கட்சிகளிடமும் இருந்தது. அழுகும் தக்காளியின் சொந்தக்காரரும், விலையேற்றத்தைத் தாங்கிய கோட்டயத்துக் குடும்பமும் அந்தத் தகராறில் தரப்பினராகவே கருதப்படவில்லை. வியாபாரம் ஒத்துழைப்புக்குக் காரணம் தருகிறது. அதைக் காக்கும் வலிமை அதனிடம் இல்லை.

இப்போது ஆப்பிரிக்காவுக்குப் போவோம். 1967இல் கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற அமைப்பை உருவாக்கின. அருஷா நகரத்தில் தலைமையகம். ரயில், துறைமுகம், அஞ்சல், விமான சேவை எல்லாம் மூவருக்கும் பொது. அன்றைய உலகில் இவ்வளவு நெருக்கமாக ஒன்றிணைந்த அண்டை நாடுகள் வேறெங்கும் இருந்தனவா என்றே கேட்கலாம். பத்தே ஆண்டில், 1977இல், அது உடைந்தது. கென்யா தனி விமான நிறுவனம் தொடங்கியது. தான்சானியா கென்ய எல்லையை மூடியது. அந்த எல்லை 1983 வரை திறக்கவில்லை. இது என் வாதத்துக்கு எதிரான சான்று போலத் தோன்றும். பொதுச் சொத்து இருந்தது, பொது அமைப்பு இருந்தது, இருந்தும் முறிந்ததே என்று கேட்கலாம். முறிந்த விதத்தைக் கவனியுங்கள். தொழிற்சாலைகள் கென்யாவில் குவிந்தன. மற்ற இருவரும் தங்களுக்குக் கிடைத்தது போதாது என்று நினைத்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்கும் ஏற்பாடு யாரையும் திருப்திப்படுத்தவில்லை. அதைவிடப் பெரிய கோளாறு, முக்கியமான முடிவுகள் எல்லாம் மூன்று அதிபர்கள் கூடும் சபையின் கையில் இருந்ததுதான். 1971இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றினார். அவரோடு ஒரே மேசையில் உட்காரமாட்டேன் என்று தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே மறுத்தார். சபை கூடவில்லை. ரயில்களை ஓட்டத் தெரிந்த ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தும், மூன்று பேர் முகம் பார்க்க மறுத்ததால் எல்லாம் நின்றது.

மேற்கே செனகல் ஆற்றின் கதை வேறு. மாலி, மௌரித்தானியா, செனகல் ஆகிய மூன்றும் 1972இல், சாகேல் வறட்சியின் நடுவில், அந்த ஆற்றுக்காக ஒரு பொது அமைப்பைத் தொடங்கின. கினியா 2006இல் சேர்ந்தது. 1978இல் அவர்கள் செய்த ஏற்பாடு, ஆற்றின் மீது கட்டப்படும் அணைகள் எந்த மண்ணில் இருந்தாலும் மூவருக்கும் கூட்டுச் சொத்து என்பது. மனந்தாலி அணை முழுக்க மாலி மண்ணில் இருக்கிறது. அதன் மின்சாரத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மௌரித்தானியாவுக்கு 15 என்று பங்கு பிரித்தார்கள். கடல் உப்பு மேலேறாமல் தடுக்கும் டியாமா அணை செனகல்–மௌரித்தானிய எல்லையில் இருக்கிறது. 1989இல் அந்த இரண்டு நாடுகளுக்கும் பெரும் மோதல் மூண்டது. பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்து விரட்டப்பட்டார்கள். தூதரக உறவு 1992 வரை அறுந்திருந்தது. ஆற்று அமைப்பு அப்போதும் கலையவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திலிருந்து மாலி 2025 ஜனவரியில் வெளியேறிவிட்டது. ஆற்று அமைப்பில் இருந்து வெளியேறவில்லை. பெரிய அரசியல் கூட்டணியை உதறிய அரசுக்கும் தன் பங்கு மின்சாரத்தையும் நீரையும் உதற முடியவில்லை. அணைகளால் ஆற்று மேய்ச்சல் நிலங்களும் மீன்வளமும் பாதிக்கப்பட்டன என்பதையும், அந்த இழப்பு ஏழைகளின் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் நாடுகளுக்கிடையிலான அமைப்பாக அது நிலைத்து நிற்கிறது.

ஆப்பிரிக்க நாடுகள் தனித்தனி இறையாண்மை உடையவை, தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்டின் மாநிலங்கள், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்ற மறுப்பு வரும். ஒரே நாணயம், ஒரே உச்ச நீதிமன்றம், சுங்கம் இல்லாத எல்லை எல்லாம் இருக்கின்றன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வாளையாறு வரிச் சோதனைச் சாவடியில் நின்ற நெடிய லாரி வரிசையும் போயிற்று. நாடுகளுக்கு இல்லாத இத்தனை வசதியை வைத்துக்கொண்டு, ஒரு அணையின் நீர்மட்டத்தை முடிவு செய்ய நமக்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதே என் பதில். உச்ச நீதிமன்றம் உரிமையை அறிவிக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்மீது நம்பிக்கை உண்டாக்க முடியாது. 2014 தீர்ப்பே இதை உணர்ந்துதான் மத்திய நீர் ஆணையப் பிரதிநிதியோடு இரு மாநிலத்துக்கும் ஒவ்வொருவர் என்று மூவர் மேற்பார்வைக் குழுவை அமைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இரு மாநிலங்களும் தாமாக அமைத்திருக்கவேண்டிய குழு அது. நீதிமன்றம் அமைத்த குழு வழக்கின் நிழலிலேயே வேலை செய்யும். அங்கே வருகிறவர் தன் கட்சிக்காரருக்காகப் பேச வருவார்.

இரு முதல்வர்களும் நெருக்கமாக இருந்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. வைக்கம் போராட்ட நூற்றாண்டு விழாவில் 2023இல் அன்றைய முதல்வர்கள் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். 2024 டிசம்பரில் வைக்கத்தில் பெரியார் நினைவகத்தைச் சேர்ந்தே திறந்தார்கள். அந்த நட்பை நான் மதிக்கிறேன். பெரியாற்றுப் பிரச்சினை அதனால் ஓரடி நகரவில்லை என்பதையும் பார்க்கிறேன். 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி தென் மண்டலக் கவுன்சில் இருக்கிறது. 2021இல் திருப்பதியிலும் 2022இல் திருவனந்தபுரத்திலும் கூடியது. ஆலோசனை சொல்லும்; கட்டுப்படுத்தாது. 1990இல் அமைந்த மாநிலங்களுக்கிடையிலான கவுன்சில் 2016 ஜூலையில் கூடியதோடு சரி. தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பின் கதையும் இதுவே. இருதரப்புச் சச்சரவுகளைப் பேசக்கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு உச்சி மாநாடே நடக்கவில்லை. தலைவர்கள் சந்தித்தால்தான் உயிர் வரும் அமைப்பு, தலைவர்கள் கோபித்துக்கொள்ளும் நாளில், அதாவது அது மிகவும் தேவைப்படும் நாளில், செத்துக் கிடக்கும்.

மூன்றாவது மறுப்பு உணர்வுபூர்வமானது. இந்த மேடையில் அதைத் தட்டிக் கழிக்கக்கூடாது. கூட்டு அமைப்பு என்று சொல்லி நம் உரிமையைப் பறிகொடுக்கச் சொல்கிறாயா என்று மதுரை விவசாயி கேட்பார். காவிரியில் நடுவர் மன்றம், இறுதித் தீர்ப்பு, ஆணையம் என்று வாங்கியதே இன்றும் ஒவ்வொரு ஜூன் மாதமும் போராட்டமாக இருக்கிறதே என்பார். அந்த அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. நான் கேட்பது உரிமையை விடுவதை அல்ல. பெரியாற்று நீர் நமக்கு உரியது என்பதை நிலைநிறுத்திக்கொண்டே, கேரளத்துக்கும் அந்த அணையில் ஒரு ஆதாயத்தை உண்டாக்கலாம். மின்சாரத்தில் ஒரு பங்கு தரலாம். அணையின் கசிவு, நீர்மட்டம், நில அதிர்வு அளவுகளை இருவரும் ஒரே கருவியிலிருந்து, ஒரே நேரத்தில் பார்க்கும்படி செய்யலாம். வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு மக்களுக்கு எச்சரிக்கை ஏற்பாட்டை நம் செலவில் அமைக்கலாம். 2018 வெள்ளத்தையும் 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவையும் கண்ட மக்களிடம் உங்கள் பயம் பொய் என்று சொல்வது நீதியும் அல்ல, நமக்கு நன்மையும் அல்ல. ஆதாயம் உள்ளவர் அணையை இடிக்கக் கேட்கமாட்டார் என்பதைத்தான் மனந்தாலி காட்டுகிறது.

காய்கறி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஊர் நேரடியாகச் செய்யக்கூடியது அங்கேதான் இருக்கிறது. 2015இல் தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கேள்வி எழுப்பியது. இங்கே அதை வியாபாரத்தைக் கெடுக்கும் சூழ்ச்சியாகப் பார்த்தவர்கள் பலர். அவர்கள் ஆய்வகம் ஒன்று சொன்னது, நம் ஆய்வகம் வேறொன்று சொன்னது. எதை நம்புவது என்று முடிவு செய்ய மூன்றாவது இடம் இல்லை. கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவே புசியாவிலும் மலாபாவிலும் ஒற்றை நிறுத்த எல்லைச் சாவடிகள் இருக்கின்றன. 1977இல் உடைந்த அதே கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1999 ஒப்பந்தத்தால் மீண்டெழுந்த பிறகு வந்தவை இவை. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து சரக்கை ஒருமுறை சோதிக்கிறார்கள். அதேபோல இரு மாநிலமும் சேர்ந்து நடத்தும் ஒரு பரிசோதனை ஆய்வகம் ஒட்டன்சத்திரத்தில் ஏன் இருக்கக்கூடாது? மாதிரி எடுப்பது இருவரும் சேர்ந்து. முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும். தவறு கண்டால் எந்தப் பகுதியில் எந்த மருந்து என்று வேளாண் துறைக்குப் போய், தெளிக்கும் முறை மாறவேண்டும். நம் பிள்ளைகளும் இதே காயைத்தான் சாப்பிடுகிறார்கள். 2021 டிசம்பரில் கேரள அரசின் காய்கறிக் கொள்முதல் நிறுவனமான ஹார்ட்டிகார்ப் தென்காசி விவசாயிகளின் உற்பத்தியாளர் குழுக்களோடு நேரடிக் கொள்முதலுக்கு ஒப்பந்தம் செய்தது. விலை ஏறியபோது அவர்களே நம்மைத் தேடி வந்தார்கள். அவசரத்தில் செய்த அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கவேண்டும்.

நீரையும் காயையும் தனித்தனி மேசையில் வைத்துப் பேசுவதுதான் நம் பெரிய பிழை என்று நினைக்கிறேன். உடுமலைக்கு வரும் பரம்பிக்குளத்து நீர் காயாகி மலைக்கு அப்பால் திரும்பிப் போகிறது. அந்தக் கணக்கு எந்த அரசுக் கோப்பிலும் எழுதப்படவில்லை. எழுதினால், நீர் தருவது இழப்பு என்று நினைக்கும் பாலக்காட்டுக்காரருக்கும், நீர் நம் உரிமை மட்டுமே என்று நினைக்கும் நமக்கும் பார்வை மாறும். பாலக்காட்டு விவசாயிக்கு இதனால் என்ன லாபம், காய் வாங்குவது எர்ணாகுளத்துக்காரர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் மணக்கடவு நீரின் அளவில் நாம் ஒரு குறையும் வைக்கக்கூடாது. சித்தூரின் புகாரைப் பணக் கணக்கால் மூடக்கூடாது.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதிலேயே இருக்கிறது. 1988இல் வரவேண்டியது முடியவில்லை. 2018இல் வரவேண்டியதும் முடியவில்லை. 2019 செப்டம்பர் 25இல் அன்றைய இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துப் பேசி, அதற்காகக் குழுக்கள் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனைமலையாறு, நல்லாறு அணைகள் அந்தப் பேச்சில்தான் மாட்டிக்கிடக்கின்றன. அடுத்து அந்தக் குழுக்கள் கூடும்போது, அங்கே பொறியாளர்களோடு இந்த மார்க்கெட்டின் விவசாயிகள், கமிஷன் கடைக்காரர்கள் சார்பில் இருவரும், சித்தூர் வட்டத்து விவசாயிகள் சார்பில் இருவரும், கேரளத்துக் கொள்முதல் தரப்பில் ஒருவரும் இருக்கவேண்டும் என்று இந்த அவை இரண்டு அரசுகளுக்கும் எழுத்தில் கேட்கலாம். ஓணம் பருவத்து வரத்து, மணக்கடவில் விட்ட நீர், ஆய்வகத்தின் எச்ச அளவு ஆகிய மூன்றையும் ஒரே அறிக்கையில், இரு மொழியிலும், ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடச் சொல்லலாம். அந்தக் கோரிக்கையின் வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் படித்துத் திருத்துங்கள்.